சார்ஜர் தூங்கிய ராத்திரி

காலில் வெயில் சுட்டதால்தான் அவர் விழித்தார். அந்தப் படுக்கையில் வெயில் விழும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெயில் வரும் நேரத்தில் அவர் அங்கே இருந்ததே கிடையாது. இடது காலில் சாக்ஸ் இருந்தது, வலது காலில் இல்லை. உடம்பில் நேற்றைய சட்டை. பெல்ட்டை மட்டும் யாரோ கழற்றி நாற்காலியில் தொங்கவிட்டிருந்தார்கள்.

கை தானாகத் தலையணைக்கு அடியில் போனது. போன் இல்லை.

அவர் ஒரு கால்பந்து அணியின் ஜெனரல் மேனேஜர். கதவில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆட்டக்காரர்களை எடுப்பது, விடுவது, பேரம் பேசுவது, பஸ் வராவிட்டால் பஸ்காரனிடம் கெஞ்சுவது, கோச்சுக்கும் முதலாளிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது, எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால்தான். அணியில் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘சார்ஜர்’ என்று பெயர். எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஆட்களைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரில் பிளக் பாயின்ட் எங்கே என்று பார்ப்பார். ஒரு ஆட்டக்காரனின் தகப்பனார் இறந்த வீட்டில், சவப்பெட்டிக்குப் பின்னால் குனிந்து போனைச் சொருகினார் என்று ஒரு கதை உலவுகிறது. அது பொய். பெட்டிக்குப் பக்கத்தில்தான் சொருகினார்.

அணியின் முதலாளியை எல்லோரும் பெரியவர் என்பார்கள். அவருக்குப் பகலில் வேறு தொழில்கள் உண்டு. ராத்திரி சாப்பாடு முடிந்து, வீட்டிலிருக்கும் நடை இயந்திரத்தில் ஏறிய பிறகுதான் கால்பந்து ஞாபகம் வரும். நடந்துகொண்டே கேள்வி அனுப்புவார். பதில் வரவில்லையென்றால் போன் வரும். எடுத்தால் முதலில் கேட்பது மூச்சிரைப்பு, பிறகுதான் பேச்சு.

லீக்கில் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள ஒரு கெடு உண்டு. அது நேற்று ராத்திரியோடு முடிந்தது. துறைமுகத்து அணிக்கு இடது பக்கத்தில் தடுத்து ஆடும் இவர்களுடைய லெஃப்ட் பேக்கோடு கொஞ்சம் பணமும் கொடுத்து, அங்கிருந்து முன்னால் நின்று கோல் போடும் ஒரு ஃபார்வர்டை எடுப்பது என்று பேச்சு. வாரக்கணக்காக அவர் பேசிப் பேசிக் கனியவைத்த பேரம். எல்லாம் தயார், பெரியவரின் ஒரு ‘சரி’தான் பாக்கி. சட்டையை மாற்றி, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குத் திரும்பலாம் என்று வீட்டுக்கு வந்தவர், சாக்ஸைக் கழற்றக் கட்டிலில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எதுவும் ஞாபகமில்லை.

அவருடைய சொந்த ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. பெரியவர் அதைப் பற்றி இதுவரை வாயே திறக்கவில்லை. இந்தப் பேரம் முடிந்தால் திறப்பார் என்று நம்பியிருந்தார்.

சமையலறையில் மனைவி யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருந்ததால் மகள் சாப்பாட்டு மேஜையில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

“போன் எங்க?”

“ஃபிரிட்ஜ் மேல. முதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வாங்க. அது எங்கயும் ஓடிடாது.”

“அப்பா,” என்றாள் மகள், “உங்களை வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?”

“காலங்காத்தால உன் வாயில வேற எதுவும் வராதா?”

“காலங்காத்தால இல்லப்பா. பத்து மணி ஆகப்போகுது. நீங்க இன்னும் வீட்ல இருக்கீங்க, அதான் கேட்டேன்.”

ரொட்டிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் போன் கவிழ்ந்து கிடந்தது. முழு சார்ஜோடு. கோச்சின் அழைப்புகள் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. கடைசியில் ஒரு செய்தி: ‘உயிரோட இருந்தா கூப்பிடு. செத்திருந்தா பரவாயில்ல.’

பெரியவரிடமிருந்து காலையில் வந்தது ஒன்றே ஒன்றுதான்: ‘மத்தியானம் வீட்டுக்கு வா.’

மேலே தள்ளிப் பார்த்தார்.

‘துறைமுகத்து ஆள் லைன்ல இருக்கான். முடிச்சிடவா?’

‘கேக்கிறேன்ல.’

‘உன் கடைசி வார்த்தை என்ன? சரியா, வேண்டாமா?’

அதற்குக் கீழே அவருடைய பெயரில் பதில் இருந்தது: ‘வேண்டாம் சார்.’

‘ஏன்?’

‘காலையில சொல்றேன் சார்.’

இத்தனை வருஷத்தில் பெரியவரிடம் அவர் சொல்லாத ஒரே வார்த்தை அந்த ‘வேண்டாம்’. நின்ற இடத்திலேயே ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டார்.

“இதை யார் அனுப்பினது?”

“நான்தான்.” அவள் சட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தேய்த்தாள்.

“என்ன பண்ணியிருக்கேன்னு தெரியுதா உனக்கு?”

“அவர் கேட்டார். பதில் சொன்னேன்.”

“எழுப்பியிருக்கலாம்ல என்னை?”

“எழுப்பினேனே. தோளைப் பிடிச்சு உலுக்கினேன். என்னைப் பார்த்து ‘சரி சார்’னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டீங்க.”

மகள் நோட்டுக்குள் தலையைக் குனிந்து சிரித்தாள்.

“நீ உள்ள போய்ப் படி,” என்றார். அவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். கதவை முழுதாகச் சாத்தவில்லை.

“வேண்டாம்னு ஏன் போட்ட? உனக்கு அந்தப் பேரத்தைப் பத்தி என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. சரின்னு போட்டா உங்களை எழுப்பி அனுப்பணும். கையெழுத்து, அது இதுன்னு விடிஞ்சிடும். வேண்டாம்னு போட்டா எழுப்ப வேண்டியதில்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.”

“எத்தனை வாரத்து வேலை அது.”

“தெரியும். அந்த வாரமெல்லாம் நானும் இந்த வீட்லதான இருந்தேன்.”

அவருக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. “இதுதான் முதல் தடவையா?”

அவள் இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தாள். “இல்ல. கேட்டுல காரை இடிச்சீங்கல்ல, தூங்கிட்டே. அன்னிலேருந்து நீங்க அசந்து தூங்குற அன்னிக்கெல்லாம் நான்தான். எங்க ஆஸ்பத்திரில டியூட்டி முடிஞ்சா அடுத்தவங்ககிட்ட ஒப்படைச்சிட்டுத்தான் வெளிய வருவோம். இந்த பெட்டுக்கு இந்த மாத்திரை, அந்த பெட்டுல பேஷன்ட் சாப்பிடலன்னு. அப்புறம் அந்த ராத்திரி அவங்களோடது. உங்களுக்கு ஒப்படைக்க ஆளே இல்ல. அதான் நானே எடுத்துக்கிட்டேன்.”

மாதக்கணக்கில் பின்னால் போய்ப் பார்த்தார். பார்க்கிறேன் சார். காலையில சொல்றேன் சார். யோசிச்சுச் சொல்றேன் சார். எது தன்னுடையது, எது அவளுடையது என்று பிரிக்க முடியவில்லை. அனுப்பிய ஞாபகமே இல்லாத பதில்களைக் காலையில் பார்க்கும்போதெல்லாம், தூக்கத்திலேயே அனுப்பியிருக்கிறோம் போல என்று நினைத்துக்கொள்வார். தூங்கிக்கொண்டே வேலை பார்க்கிறேன் என்று கோச்சிடம் ஒருமுறை பெருமைகூட அடித்திருக்கிறார்.

“அப்படியே என்னை மாதிரி எழுதியிருக்க.”

“அதுல என்ன கஷ்டம்? நான் ஏதாவது கேட்டா நீங்க எனக்கு என்ன அனுப்புவீங்களோ, அதையே எடுத்துப் போட்டேன். பின்னால ஒரு ‘சார்’ சேர்த்தேன்.”

அவர் போய்க் குளித்தார். கிளம்பும்போது காரில் உட்கார்ந்து, மனைவியோடு நடந்த செய்திப் பரிமாற்றத்தைத் திறந்து பார்த்தார். ‘பாப்பா ஸ்கூல்ல உங்களையும் வரச் சொல்றாங்க.’ ‘பார்க்கிறேன்.’ ‘எனக்கு ஸ்கேன் எடுக்கணுமாம், கூட வர்றீங்களா?’ ‘காலையில சொல்றேன்.’ காலையில் சொன்னதாக எதுவும் இல்லை. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கோச் ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையில், விளையாட்டு பூட்ஸ் நாற்றத்துக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தார். கோபம் வந்தால் அங்கேதான் உட்காருவார்.

“வாங்க சார்ஜர்,” என்றார். அந்தப் பெயரை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னது அன்றுதான். “நல்லாத் தூங்கினீங்களா?”

“சொல்றதைக் கேளு.”

“நான் என்ன கேட்டேன்? முன்னால நிக்க ஒரு ஆள் கேட்டேன். கோல்கூட போட வேண்டாம்யா, சும்மா நிக்கட்டும், எதிராளி அவனைப் பார்த்துட்டு நிப்பான்னு கேட்டேன். நேத்து சாயங்காலம் என் தோள்ல கையைப் போட்டு ‘முடிஞ்ச மாதிரிதான்’னு சொன்ன. நீயே வேண்டாம்னு சொன்னியாம். பெரியவர் சொல்றார்.”

உண்மையைச் சொல்லலாம். என் மனைவி சொன்னாள், நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம். சாயங்காலத்துக்குள் அது லீக் முழுக்கப் பரவும். வேறு எந்த அணியும் அவரை வாசலுக்குள்கூட விடாது.

“கடைசி நேரத்துல கொஞ்சம் யோசிச்சேன்.”

“நீயா?” கோச் அவரை மேலும் கீழும் பார்த்தார். “யோசிச்சியா? உனக்கு ஏதுய்யா நேரம்?”

“யோசிச்சேன், அவ்வளவுதான்.”

“சரி. அடுத்த மேட்ச்ல முன்னால நிக்க யாருமில்ல. நீ வந்து நில்லு. பிளக் பாயின்ட் ஒண்ணு போட்டுத் தரச் சொல்றேன்.”

வெளியே நடைபாதையில் லெஃப்ட் பேக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், முழங்காலில் ஐஸ் பையோடு. நேற்று துறைமுகத்துக்குப் போயிருக்க வேண்டியவன். இவரைப் பார்த்ததும் ஒற்றைக் காலில் எழுந்து நின்றான்.

“உக்காருப்பா.”

“சார், பெரியவர் டிரைவர் சொன்னார். நீங்கதான் வேண்டாம்னு சொல்லிட்டீங்களாம்.” முழங்காலிலிருந்து நழுவிய ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டான். “வீட்ல அவளுக்கு எட்டாவது மாசம் சார். இந்த நேரத்துல ஊரு மாத்தி, புது வீடு, புது டாக்டர்னு... நேத்து முழுக்க அழுதுட்டே இருந்தா. நீங்க அதை மனசுல வெச்சுத்தான் பண்ணீங்கன்னு எனக்குத் தெரியும்.”

எட்டாவது மாசம் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். பேரத்தில் அதை மனதில் வைத்திருந்ததும் உண்மை. குழந்தை வரப்போகிற நேரத்தில் சம்பளம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் பையன் முரண்டு பிடிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவான் என்று துறைமுகத்து ஆளிடம் அவரே சொல்லியிருந்தார்.

“ஐஸ் உருகுது பாரு,” என்றார். “ஒழுங்காக் கட்டு.”

பெரியவர் வீட்டில் நடை இயந்திரம் ஒரு மூலையில், மேலே துண்டு போர்த்தி, தூங்குகிற மாடு மாதிரி நின்றிருந்தது. பகலில் அதைப் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் முறை. பக்கத்துச் சுவரில் பிளக் பாயின்ட் காலியாக இருந்தது. இன்றைக்கு எதையும் சொருகத் தோன்றவில்லை. ஒப்பந்தம் போய்விட்டது என்று காரிலேயே முடிவு பண்ணியிருந்தார். மனைவி சம்பளத்தில் ஓட்டலாம். வீட்டை மாற்ற வேண்டியிருக்கும். நல்ல வார்த்தையாக ரெண்டு சொல்லி அனுப்பினால் போதும்.

“உக்காரு,” என்றார் பெரியவர். “என்கிட்ட வேலை செய்ற அத்தனை பேரும் சரி சார், சரி சார்னுதான் சொல்றான். நீயும் அப்படித்தான், பகல்ல. பகல்ல உன்னைப் பார்த்தா எனக்கே எரிச்சலா இருக்கும், தப்பா எடுத்துக்காதே.”

“இல்ல சார்.”

“ஆனா ராத்திரி நீ வேற ஆளு. நேத்து உன் பழைய பதிலையெல்லாம் எடுத்துப் படிச்சேன். நான் குதிப்பேன், நீ குதிக்க மாட்ட. காலையில சொல்றேன்னு போடுவ. காலையில எந்திரிச்சுப் பார்த்தா என் கேள்வியே எனக்கு அசட்டுத்தனமாத் தெரியும். நேத்தும் பாரு, ஒரே வார்த்தை. ஏன்னு கேட்டா அதுக்கும் பதட்டமே இல்ல. நான் துறைமுகத்துக்காரன்கிட்ட எங்க ஆள் வேண்டாங்கிறார்னு சொன்னேன். உடனே விலையை இறக்குறான், இன்னும் இறக்குறான். அப்பதான் எனக்கு உறைச்சது. இப்படித் தள்ளிவிடப் பாக்குறான்னா அந்தப் பயலுக்கு உடம்புல எதுவோ இருக்கு. அது உனக்கு முன்னாலயே தெரியும். இல்ல?”

“எதுவோ சரியாப் படல சார்.”

சொல்லும்போதே அவருக்குத் தன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. அந்த ஃபார்வர்டின் உடம்பில் எந்தக் கோளாறும் கிடையாது. டாக்டர் அறிக்கையைப் படித்தது அவர்தானே.

“அதான் சொல்றேன். ஒப்பந்தத்தைப் போட்டுடலாம். இன்னும் மூணு சீசன்.” பெரியவர் மேஜை டிராயரைத் திறந்து புதுப் போன் பெட்டி ஒன்றை எடுத்து முன்னால் நகர்த்தினார். “ஒரே ஒரு விஷயம். இந்த நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும். ராத்திரி இது உன் கையிலயே இருக்கணும். எனக்கு வேண்டியது அந்த ராத்திரி ஆளுதான். பகல்ல நீ ஆபீசுக்கு லேட்டா வந்தாக்கூட நான் கேக்க மாட்டேன்.”

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. நீங்கள் கேட்கும் ஆள் நான் இல்லை, அவள் இப்போது சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று. மூன்று சீசன் என்பது மகள் பள்ளிக்கூடத்தை முடிக்கிற வரைக்கும்.

“சரி சார்,” என்றார்.

வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. மனைவி கண்ணாடி முன்னால் நின்று தலைமுடியைச் சுருட்டிக் கிளிப் போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததை அவர் சொன்னார். கோச் சொன்ன பிளக் பாயின்ட் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். லெஃப்ட் பேக்கை மட்டும் விட்டுவிட்டார்.

“அது நீங்க இல்லன்னு சொன்னீங்களா?”

“எப்படிச் சொல்றது?”

“வாயாலதான்.”

அவர் புதுப் போனைப் பெட்டியிலிருந்து எடுத்து, சீப்புக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

“இது என்ன, எனக்கா?”

“ராத்திரிக்கு மட்டும்தான். நீ எப்பவும் போடுற மாதிரி ரெண்டு வார்த்தை. உனக்கு ஒண்ணும் கஷ்டமில்லன்னு நீயே சொன்ன.”

“எனக்கு இன்னிலேருந்து ஒரு வாரம் நைட் டியூட்டி.”

“அடுத்த வாரம்?”

அவள் கண்ணாடியிலேயே அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“நான் அந்தப் போனை எடுத்தது நீங்க தூங்கணும்னு. உங்க முதலாளிகிட்ட வேலைக்குச் சேர்றதுக்கு இல்ல.”

“நானும் உங்க ரெண்டு பேருக்காகத்தான சரின்னு சொன்னேன்.”

“தெரியும். அதைத்தான் எப்பவும் சொல்றீங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று சொன்னாள். “பால் அடுப்பு மேல இருக்கு, பொங்கிடுச்சு, ஆறினதும் உள்ள எடுத்து வைங்க. பாப்பாவுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை, ஒம்பது மணிக்கு மேல முழிக்க விடாதீங்க. பின் கதவுத் தாழ்ப்பாள் லூசா இருக்கு, ரெண்டு தடவை இழுத்துப் பாருங்க.” அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவள் போய்விட்டாள்.

பாலை எடுத்து வைத்தார். தாழ்ப்பாளை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தார். புதுப் போனைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் மேல், ரொட்டிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். கட்டிலில் உட்கார்ந்து ஒரு சாக்ஸைக் கழற்றினார்.

தகரத்தின் மேல் போன் அதிரும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

ஒற்றைக் காலில் சாக்ஸோடு சமையலறைக்கு வந்தார்.

‘கோல்கீப்பரை மாத்தலாமா?’

‘பார்க்கலாம் சார்’ என்று அடித்தார். அழித்தார். அவள் என்றால் என்ன போடுவாள் என்று யோசித்துப் பார்த்தார். ‘காலையில சொல்றேன் சார்’ என்று அனுப்பிவிட்டுத் திரும்பினார். ரெண்டு எட்டு வைப்பதற்குள் மறுபடி அதிர்ந்தது.

‘இப்பவே சொல்லேன். அதுக்குத்தான இந்தப் போன்.’

‘வேண்டாம் சார்.’

‘சரி. நீ சொன்னா சரி.’

ஃபிரிட்ஜ் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். கண் எரிந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தார். அவள் அந்த லெஃப்ட் பேக்கைக் காப்பாற்றியது மாதிரி, யோசிக்காமலே இன்றைக்கு ஒரு கோல்கீப்பரை அவர் காப்பாற்றியிருக்கலாம். கெடுத்தும் இருக்கலாம். எதுவென்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் தெம்பும் இல்லை.

அடுத்தது வந்தது.

‘அப்ப தப்பு கோச் மேலதான். ஆளை மாத்திடவா? சரியா, வேண்டாமா?’

அவர் படித்தார். கோச்சின் தோளில் கைபோட்டுப் பேசியது நேற்று சாயங்காலம்தான். எதை அடித்தாலும் காலையில் அது நடந்திருக்கும். ‘காலையில சொல்றேன்’ இனிமேல் எடுபடாது. கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றது. ஒப்படைத்துவிட்டுப் போக ஆள் யாராவது இருக்கிறார்களா என்று தேடுவது போலச் சமையலறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பால் இறக்கிய அடுப்பு இருந்தது. மேஜை மேல் இஸ்திரிப் பெட்டி இருந்தது.

திரையின் வெளிச்சம் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் போன் மணியடிக்கத் தொடங்கியது.

“அப்பா,” என்றாள் மகள் உள்ளேயிருந்து, “எடுங்கப்பா. கணக்கு தப்பாப் போகுது.”

எடுத்தார். மறுமுனையில் பெரியவர் நடந்துகொண்டிருந்தார்.